நோகாமல் காரை எடுப்பது

எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ பல்வலியோடு கிளம்புகிறவருக்கு வழி தெரியும். மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து இன்னொரு வண்டியில் அடுத்த நிறுத்தமான கோட்டை. இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. வடசென்னைக்காரர்களுக்கு அது ‘பல் ஆஸ்பத்திரி’, அவ்வளவுதான். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி, பின்னாளில் தனிக் கல்லூரியானது.

“வலி தாங்க முடியல டாக்டர், புடுங்கிடுங்க” என்று வருகிறவருக்கு அங்கே முதலில் ஊசி போடுவார்கள். உதடு தடித்து, தாடை மரத்துப்போன பிறகுதான் இடுக்கி வாய்க்குள் போகும். “பல்லு க்ளீன் பண்ணணும்னு சொன்னாங்க” என்று வருகிறவரின் கதை வேறு. மேலோட்டமான சுத்தம் என்றால் பொதுவாக ஊசி போடும் வழக்கம் இல்லை. ஆக, பல்லை இழக்கப் போகிறவருக்கு வலி தெரிவதில்லை. பல்லைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவரோ நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பல் வைத்தியத்தின் நீண்ட வரலாற்றில் பிடுங்கும்போது வருவதுதான் வலி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. சுத்தம் செய்யும்போது வருவது பொறுத்துக்கொள்ள வேண்டிய கூச்சம் என்று ஒதுக்கப்பட்டது. அப்படி ஒதுக்கியதால் அதிகம் இழந்தவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற துறைமுகத்து, ஆலைத் தொழிலாளர்கள்தான்.

இந்த விஷயத்தில் பழைய நூல்கள் நம்மை வியக்க வைக்கின்றன. கூரிய கருவிகள் 20 என்று வரிசைப்படுத்தும் சுஸ்ருத சம்ஹிதை, அவற்றுள் ஒன்றாகத் ‘தந்தசங்கு’வைச் சொல்கிறது. பல்லில் படிந்த காரையைப் பெயர்க்கும் கருவி அது. அதே நூலின் சிகிச்சைப் பகுதி ஒரு படி மேலே போகிறது: ஈறுக்கு ஊறு நேராமல் காரையை எடுக்க வேண்டும், எடுத்த பிறகு அரக்குப் பொடியைத் தேனில் குழைத்து அங்கே தேய்க்க வேண்டும். 10-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்தோபா நகரத்துப் பக்கம் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-சஹ்ராவி, காரை சுரண்டும் கருவிகளைப் படம் போட்டே விளக்கினார். நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் சாய்த்துக்கொண்டு சுரண்ட வேண்டும் என்றார். ஒரே அமர்வில் எல்லாம் வந்துவிட்டால் நல்லது, வராவிட்டால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் செய்யலாம் என்றும் எழுதினார். மரத்துப்போக வைக்கும் மருந்து எதுவும் கையில் இல்லாத காலத்தில் வலியைக் குறைக்க இருந்த வழிகள் மென்மையான கை, தவணை முறை, பிறகு ஆற்றும் பூச்சு. மூன்றையுமே அவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள்.

வடசென்னையில் நடந்ததற்கும் அந்த ஏடுகளுக்கும் வெகுதூரம். இங்கே பல் சுத்தம் என்பது விடியற்காலை வாசல்படியில் முடிந்துபோகும் வேலை. அடுப்புக்கரி, சாம்பல், உப்பு, செங்கல் தூள், சிலருக்கு மணல்கூட. உப்புக்குப் பஞ்சமே இல்லை. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கமெல்லாம் உப்பளங்கள் இருந்தன. பிற்பாடு பொட்டலப் பல்பொடிகள் வந்தன. மதுரையிலிருந்து வந்த கோபால் பல்பொடியை இலங்கை வானொலியின் விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. பயோரியா பல்பொடி ஈறு நோயின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு வந்தது. பொடியைத் தொட்டு ஆள்காட்டி விரலால் அழுத்தித் தேய்த்து, வெள்ளை தெரிந்தால் சுத்தம் என்று எண்ணினார்கள்.

இந்த அழுத்தித் தேய்க்கும் பழக்கம்தான் பின்னால் வலிக்குக் காரணமானது. பல்லின் தலைப்பகுதியை மூடியிருக்கும் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. ஈறு ஓரத்தில், பல்லின் கழுத்தில், எனாமல் மெலிந்து முடிகிறது. கரியும் செங்கல் தூளும் வருடக்கணக்கில் உரசினால் அந்த இடம் அம்மிக்கல்லைப் போலக் குழிந்துவிடும். ஈறும் கீழே இறங்கும். உள்ளிருக்கும் டென்டின் வெளியே தெரியும். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரோ காற்றோ கருவியோ பட்டால் அந்தத் திரவம் அசைந்து, உள்ளே இருக்கும் நரம்பைச் சுண்டுகிறது என்பதை 1960-களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரன்ஸ்ட்ரோம் விளக்கினார். “ஐஸ் தண்ணி குடிச்சா சுளீர்னு இழுக்குது” என்று மக்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

கரி மட்டும் இல்லை. அமிலப் புகை சூழ்ந்த இடத்தில் பல வருடம் வேலை செய்கிறவர்களின் முன்பற்கள் அரிக்கப்படுவது தொழில்வழி நோய்களில் வெகுநாளாக அறியப்பட்ட ஒன்று. அதோடு வெற்றிலை, பாக்கு, புகையிலை. மூட்டை தூக்குகிற இடைவெளியில், வலை இழுக்கிற இரவில், பசியையும் தூக்கத்தையும் தள்ளிப்போட வாயில் அடக்கிக்கொள்வது இங்கே பழைய வழக்கம். பிறகு மாவா வந்தது: பாக்குத் தூளும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கசக்கியது. 2013-ல் தமிழ்நாடு அரசு தடை போட்ட பிறகும் அது முற்றாகப் போய்விடவில்லை. புகையிலையை வழக்கமாக அடக்கும் பக்கத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே வரும். பல் வலித்தால் அந்த இடத்திலேயே புகையிலையைத் திணித்து வலியை அடக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. நோயைத் தந்ததே வைத்தியமும் ஆகிவிடுவது பெரிய சோகம்.

ஒரு பேராபத்திலிருந்து மட்டும் இந்தப் பகுதி தப்பியது. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீப்பெட்டி ஆலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. முதல் அறிகுறி பல்வலிதான். பல்லைப் பிடுங்கினாலும் புண் ஆறாமல் எலும்பு செத்துக்கொண்டே போகும். 1906-ல் பெர்ன் நகரில் அந்தப் பாஸ்பரஸைத் தடுக்க நாடுகள் உடன்பட்டன. இந்தியாவில் 1913-ல் சட்டம் வந்தது. ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனத்தின் கிளையான விம்கோ இந்நாட்டில் கால் ஊன்றியது 1920-களில்தான். திருவொற்றியூரில் ஒரு பேட்டைக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயர் கொடுத்த அந்த ஆலை தொடங்கும்போது வெள்ளைப் பாஸ்பரஸ் சட்டவிரோதம் ஆகியிருந்தது.

வலி வந்தபோது வடசென்னை எங்கே போனது? முதலில் நாட்டு மருந்துக் கடை. இலவங்கத் தைலத்தில் நனைத்த பஞ்சைச் சொத்தைக் குழியில் வைத்துக் கடித்துக்கொள்வார்கள். இது வெறும் நம்பிக்கை அல்ல. கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பை நிஜமாகவே மரக்கச் செய்கிறது. பல் மருத்துவர்களும் அதே பொருளைத் துத்தநாக ஆக்ஸைடுடன் கலந்து தற்காலிகமாகக் குழியை அடைக்க இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஈறு வீங்கினால் படிகாரத் தண்ணீர் அல்லது உப்புத் தண்ணீர். வலி அடங்கினால் அதோடு மறந்துவிடுவார்கள்.

அடுத்தது ராயபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. 1782-ன் பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம், 1799-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் அண்டர்வுட் தொடங்கிய சிகிச்சை இல்லம் என்று வளர்ந்து, 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக ஆனது அது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் மட்டும் மக்கள் வாயிலிருந்து போகவில்லை. ஆனால் அந்த நெடுங்காலத்தில் மருத்துவம் படித்தவர்களுக்குப் பல் என்றால் பிடுங்க வேண்டிய உறுப்பு. பல்லுக்கெனத் தனிக் கல்லூரி இந்தியாவில் 1920-ல்தான் முளைத்தது, அதுவும் கல்கத்தாவில், டாக்டர் ரஃபியுதீன் அகமதுவின் முயற்சியால். சென்னைக்கு அது வந்து சேர மேலும் 33 ஆண்டுகள் பிடித்தன.

இடைப்பட்ட அந்தக் காலத்தில் சந்தை ஓரத்துப் பல் பிடுங்குபவரும், சீனப் பல் டாக்டர்களும்தான் உதவினார்கள். சீனாவின் ஹூபெய் மாகாணத்தவர் பலருக்குப் பல் கட்டுவது குடும்பத் தொழில். அங்கிருந்து புறப்பட்ட குடும்பங்கள் 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் கல்கத்தாவிலும் மற்ற ஊர்களிலும் கடை போட்டன. சென்னையிலும் பூங்கா நகர், ஈவினிங் பஜார் பக்கம் அவர்களுடைய பெயர்ப் பலகைகள் தெரிந்தன. தகப்பனிடம் மகன் கற்ற தொழில். 1948-ன் பல் மருத்துவர் சட்டம் பட்டம் பெற்றவர்களை ‘ஏ’ பிரிவிலும், பட்டம் இல்லாமல் ஐந்து வருடமாவது இதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களை ‘பி’ பிரிவிலும் பதிவு செய்தது. அனுபவத்துக்கும் படிப்புக்கும் இடையில் அந்தச் சட்டம் போட்ட பாலம் நியாயமானது. படித்த டாக்டர் இல்லாத ஊர்களில் வலியோடு இருந்தவர்களை அந்தக் கைகளே கவனித்தன.

இந்தக் காலத்துக்குள் உலகம் வலியை வெல்லப் பெரிய அடிகள் எடுத்து வைத்துவிட்டது. அதில் பல் மருத்துவர்களின் பங்கு முதன்மையானது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்ஸைடைச் சுவாசித்துவிட்டுத் தம் கடைவாய்ப் பல்லையே பிடுங்கச் சொன்னார். 1846-ல் பாஸ்டனில் ஈதரைப் பொதுவில் செய்து காட்டிய மார்ட்டனும் பல் மருத்துவரே. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெயினால் கண்ணை மரக்க வைத்தார்; கொஞ்ச நாளிலேயே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்துவிட்டார். கொக்கெயினுக்கு அடிமைப்படுத்தும் குணம் இருந்ததால் மாற்று தேடினார்கள். 1905 வாக்கில் நோவோகெயின் வந்தது. 1943-ல் ஸ்வீடன் வேதியியலாளர் லோஃப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கினார், 1948-ல் அது சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கோட்டை எதிரே பல் மருத்துவக் கல்வி தொடங்கிய ஆண்டில் அந்த மருந்துக்குச் சந்தையில் ஐந்து வயது. இன்றும் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிடுங்கும் அறையில் ரப்பர் மூடி போட்ட 30 மி.லி. குப்பியில் இருப்பது அதுதான். இரண்டு சதவீத லிக்னோகெயின், ரத்தக் குழாயைச் சுருக்கி மரப்பை நீட்டிக்க 80,000-ல் ஒரு பங்கு அட்ரினலின்.

ஆனால் இந்த வெற்றிகள் எல்லாமே பிடுங்குவதற்கும் அறுப்பதற்கும் என்றே வந்தவை. காரை எடுக்கும் நாற்காலிக்கு வந்த மாற்றம் வலி மருந்து அல்ல, இயந்திரம். அரிவாள் போல வளைந்த கைக்கருவியால் பல் பல்லாகச் சுரண்டியதற்கு மாற்றாக, 1955-ல் அமெரிக்காவில் ஜின்னர் அல்ட்ராசோனிக் அதிர்வால் காரையை உதிர்க்கும் முறையை முன்வைத்தார். மருத்துவரின் கை வலி குறைந்தது, நேரம் மிச்சமானது. நோயாளியின் வலி?

அதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். நாற்காலி சாய்கிறது. உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டுகிறார்கள். ஸ்கேலர் எனப்படும் அந்த அதிர்வுக் கருவியின் நுனி தீக்குச்சியைவிட மெல்லியது, நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. சூடேறாமல் இருக்க அதன் முனையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். வேலை பெரும்பாலும் கீழ் முன்பற்களின் பின்புறத்தில், நாக்குப் பக்கம் தொடங்கும். எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அது. எச்சிலில் உள்ள கால்சியம் பற்படலத்தில் இறுகி அங்கேதான் முதலில் காரையாகும். மஞ்சளும் கறுப்புமாய்ச் சில்லுகள் தெறித்துத் துப்புகிற கிண்ணத்தில் விழும். காரை தடித்திருக்கும் வரை நோயாளி சும்மா இருப்பார். அது பெயர்ந்து, அதற்கடியில் ஈறு விலகிய வேரை அந்த நுனியும் குளிர்ந்த நீரும் தொடும் நொடியில்தான் கால் விரல்கள் மடங்கும். கரி தேய்த்து வளர்ந்த தலைமுறைக்கு, புகையிலை அடக்கிய பக்கத்துக்கு, இந்த நொடி மற்றவர்களைவிடக் கடுமை.

அப்படி ஒருமுறை பட்டவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது என்ன? “க்ளீன் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும், கூச்சம் வரும். வேணாம்பா.” மருத்துவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவர் கண்டதைத்தான் சொல்கிறார். காரை பல்லைப் பிடித்து வைத்திருந்தது, எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. காரை அடைத்திருந்த இடம் சந்தாகத் தெரிகிறது. மூடியிருந்த வேர் திறந்து கூசுகிறது. இவை நோயின் விளைவுகள், சிகிச்சையின் விளைவுகள் அல்ல என்பதை முன்னரே உட்கார்த்திச் சொல்ல ஆள் இருந்திருந்தால் பாதிப் பேர் திரும்பி வந்திருப்பார்கள். வராதவர்களின் பல் தானாக ஆடி, ஒருநாள் வலித்து, ஊசி போட்டுப் பிடுங்கும் நாற்காலிக்கு வருகிறது.

நேரமும் ஒரு தடை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948-ல் எண்ணூரில் வந்த அசோக் மோட்டார்ஸ், 1950-களில் என்ஃபீல்டு, கார்போரண்டம் என்று ஆலைகள் வரிசைகட்டியபோது, இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்த தொழிலாளிக்கு மருந்தகம் கிடைத்தது. பல் பிடுங்கினால் ஒரு நாள் ஓய்வு கேட்கலாம். காரை எடுக்கப் போகிறேன் என்று எந்த ஃபோர்மேனிடம் லீவு கேட்பது? காசிமேட்டில் படகுக்குப் போகிறவருக்கும் துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவருக்கும் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. போகாத நாளுக்குக் காசு இல்லை. ஒரே நாளில் முடியாமல் தவணை தவணையாகச் செய்வதுதான் வலி குறைந்த வழி. அந்த வழிதான் தினக்கூலிக்காரருக்கு மிக விலை கூடியது.

இன்றைக்கு வலியைக் குறைக்கும் வழிகள் பல. லிக்னோகெயின் ஜெல்லையோ ஸ்பிரேயையோ ஈறு ஓரத்தில் பூசி இரண்டு மூன்று நிமிடம் விட்டால் மேல்தோல் மரக்கும். லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்து, ஊசி இல்லாமல் ஈறு இடுக்கிலேயே செலுத்தும் ஜெல் 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இயந்திரத்தின் சக்தியைக் குறைக்கலாம். கூசுகிற பல்லைக் கடைசிக்குத் தள்ளலாம், அல்லது அங்கே மட்டும் பழைய கைக்கருவியை எடுக்கலாம். பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு சேர்த்த பேஸ்ட்டுக்குக் கூச்சத்தைத் தணிக்கும் குணம் உண்டென்று 1974-லேயே எழுதப்பட்டது. சில வாரம் முன்கூட்டியே அதைத் தேய்த்துவிட்டு வரச் சொல்லலாம். முடிந்த பிறகு ஃப்ளோரைடு வார்னிஷ் பூசலாம். ஈறுக்குக் கீழே வேர் வரை போகும் ஆழ்ந்த சுத்தம் என்றால் பிடுங்குவதற்குப் போடும் அதே ஊசியைப் போட்டு, வாயின் ஒரு பக்கத்தை மட்டும் அன்றைக்கு முடிப்பது முறை. மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சூடான டீ வேண்டாம், வாய் சுட்டாலும் தெரியாது; உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்ப வேண்டும். வீட்டில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு.

மருந்தே இல்லாத ஒரு வழியும் உண்டு. வாய் நிறையக் கருவியும் தண்ணீரும் இருக்கையில் நோயாளியால் பேச முடியாது. “வலிச்சா இடது கையைத் தூக்குங்கண்ணா, உடனே நிறுத்திடறேன்” என்று தொடங்கும் முன்பே சொல்லி, தூக்கியதும் நிஜமாகவே நிறுத்துவது. நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டாலே உடம்பின் இறுக்கம் தளர்கிறது, பயம் கூட்டிய வலி குறைகிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

செலவாவது நேரம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பெருகிய பிறகு குப்பங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இலவச முகாம்கள் நடக்கின்றன. ஊர் எல்லையில் இருக்கும் கல்லூரிக்கு அழைத்துப் போகப் பஸ்ஸும் வருகிறது. அவற்றால் காரை எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்; அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வரிசை நீண்டு, பஸ் கிளம்பும் நேரம் நெருங்கும்போது முதலில் விடுபடுவது ஜெல் பூசிக் காத்திருக்க வேண்டிய அந்த இரண்டு மூன்று நிமிடமும், முன்கூட்டிச் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையும்தான். முகாமின் கணக்கில் எத்தனை பேருக்குச் சுத்தம் செய்தோம் என்று எழுதுகிறார்கள். எத்தனை பேர் ஆறு மாதம் கழித்து இரண்டாவது தடவையாக வந்தார்கள் என்ற கட்டத்தையும் அந்தப் படிவத்தில் சேர்க்க வேண்டும்.